மின்சார கிராமபோனின் பூர்வீகம்

பழைய கிராமபோன் எந்த ஊர்ச் சரக்கு என்று அறிய, மூடியில் ஒட்டியிருக்கும் நாய்ப் படத்தை நம்பிப் பயனில்லை. தகட்டை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். மோட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் மாட்டுங்கா கட்டடத்தில் ஒரு மாமி வீட்டில், சாவி கொடுக்காமல் மின்சாரத்தில் ஓடும் பெட்டி ஒன்று இருக்கிறது. மாமனார் வாங்கியதாம். பெயரே கிடையாது. விலை பேச வந்த வியாபாரி, "அமெரிக்க சாமான், நம்ம கரண்டுக்கு ஒத்துவராது" என்று பழைய இரும்பு விலைக்குக் கேட்டிருக்கிறார். "நீங்க ரயில்வேல மோட்டாரோடயே இருந்தவர், கொஞ்சம் பாருங்கோ" என்றார் மாமி.

சுழலும் தட்டின் விளிம்பில் சுற்றிலும் சின்னக் கோடுகள். வேகம் சரிதானா என்று பார்க்க வைத்தவை. 50 சைக்கிள் மின்சாரத்தில் விளக்கு நிமிடத்துக்கு 6,000 முறை மின்னும். தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும்போது, 77 கோடுகள் இருந்தால் அவை அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அமெரிக்காவின் 60 சைக்கிளுக்கு 92 கோடுகள் வேண்டும். பென்சிலால் அடையாளமிட்டு இரண்டு தடவை எண்ணினேன். 77! வியாபாரியின் கதை அங்கேயே முடிந்தது.

அடியிலிருந்த திருகுகளில் மரை அளக்கும் கேஜை வைத்தேன். 55 டிகிரி, ஆங்கிலேயரின் விட்வொர்த் மரை. அமெரிக்க மரை என்றால் 60 டிகிரி. பிசுக்கைத் துடைத்ததும் மோட்டாரில் "கேரார்ட், ஸ்விண்டன்" என்று தெரிந்தது. ஸ்விண்டன்! 1843-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பணிமனை திறந்த ஊர். எங்களைப் போன்றவர்களுக்குக் காசி மாதிரி. கேரார்ட் கம்பெனி அங்கே போனது 1919-இல். ஆனால் அவர்கள் பல கம்பெனிகளுக்கும் மோட்டார் விற்றவர்கள். தேக்குப் பெட்டி நம் நாட்டுத் தச்சர் வேலையாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மாமி விற்கவில்லை. ரப்பர் உதிர்ந்த பழைய வயரை மாற்றாமல் பிளக்கில் செருகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.