உயர்நிலைப் பள்ளியின் நாட்செய்தி

செய்தி என்ற மாத்திரத்தில் நம்மனோர்க்குப் போரும் ஆட்சி மாற்றமும் புயலும் வெள்ளமுமே நினைவிற்கு வருகின்றன. பத்திரிகைகளும் அவற்றையே பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. ஆயின், ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நாடோறும் பிறந்து, மாலை மணியடிக்கு முன்னரே பழையனவாகிவிடும் சிறு செய்திகள் பல உள. இன்று வழிபாட்டிற் குறள் சொல்லியவர் யார்? எவ்வகுப்பிற்குத் தேர்வு? மழைக்கு விடுமுறை உண்டா? பந்தாட்டத்தில் வென்றோர் எவர்? நேற்றுவரை அருகிலிருந்த தோழன் இன்று ஏன் வரவில்லை? இவற்றை எவரும் வரலாற்று நூலில் எழுதி வைப்பதில்லை. எனினும், பல வீதிகளினின்றும் பல சாதிகளினின்றும் வந்து கூடும் நூற்றுக்கணக்கான சிறாரை ஒரு குடும்பமாகப் பிணைப்பன இச் செய்திகளே. இவை எங்ஙனம் பிறக்கின்றன, எவ்வழிச் செல்கின்றன, இவற்றுள் தலையாயது எது என்பவற்றைச் சேத்தூர்ப் பக்கத்தை முன்னிறுத்தி ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இராஜபாளையத்தினின்று தென்காசி செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அணித்தாக அமைந்தது சேத்தூர். பழைய ஏடுகள் இதனைச் சேற்றூர் என்று வழங்கும். இது முன்னர் ஒரு ஜமீனின் தலைநகர். அருகிலுள்ள முகவூர் இராமசாமிக் கவிராயரின் மக்களாகிய அருணாசலக் கவிராயரும் கந்தசாமிக் கவிராயரும் இந்தச் சமஸ்தானத்தோடு தொடர்புடைய புலவர்கள். 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டது. 1985-இல் அதனின்றும் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது; ஆயினும் சேவுகப் பாண்டியர் என்னும் பெயர் இவ்வூர்ப் பள்ளியொன்றின் பெயராய் இன்றும் நிலைத்திருக்கின்றது. ஒருகால் அரண்மனை வாயிலிற் புலவர் சிலருக்கே உரியதாய் நின்ற கல்வி, இன்று பள்ளி வாயிலில் எல்லார்க்கும் உரியதாய் நிற்கின்றது என்பதற்கு இதனினும் நல்ல அடையாளம் வேண்டுவதில்லை.

உயர்நிலைப் பள்ளி என்பது பத்தாம் வகுப்புவரை கற்பிப்பது. முன்னாளில் பதினோராண்டுப் படிப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நடைபெற்றது; 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபின், பத்தாம் வகுப்பின் முடிவில் அத்தேர்வும், அதன்பின் ஈராண்டு மேல்நிலைப் படிப்பும் என முறை மாறிற்று. பதின்மூன்று முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் பயிலும் மேல்வகுப்புகளே இப் பள்ளியின் உயிர்நிலை. இவ்வயதின் அருமையைப் பின்னர்க் கூறுவோம்.

பள்ளியின் முதற் செய்தியாளன் மணி. அதன் ஓசை கேட்டு மாணாக்கர் வரிசையாக நிற்ப, காலை வழிபாடு தொடங்குகின்றது. மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்களின் தமிழ்த்தாய் வாழ்த்து முதலிற் பாடப்பெறும். 1970-இல் அரசினரால் விழாக்களுக்குரியதாக ஏற்கப்பட்ட அப்பாடல் 2021-இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பின்னர் ஒரு மாணாக்கர் குறளொன்றைப் பொருளுடன் சொல்வர், உறுதிமொழி கூறப்படும், மற்றொருவர் நாட்செய்தி வாசிப்பர். வீட்டிற் பத்திரிகை வாங்காத குடும்பத்துப் பிள்ளைக்கு உலகச் செய்தி செவிப்படுவது இவ்விடத்தே. வாசிப்பவருக்கோ அது பெரும் பயிற்சி. முதன்முறை கை நடுங்கித் தாள் நடுங்கி நின்ற சிறுமி, ஆண்டிறுதியில் அஞ்சாது நிமிர்ந்து வாசிக்கின்றாள். தன் குரலை நானூறு பேர் கேட்டனர் என்னும் நினைவு, பாடப் புத்தகம் தர இயலாததோர் உறுதியை அவளுக்குத் தருகின்றது.

வழிபாட்டிற்கு அடுத்தது சுற்றறிக்கை. தலைமையாசிரியர் எழுதிய குறிப்பேட்டைப் பணியாளர் வகுப்புத்தோறும் கொண்டு செல்வர். ஆசிரியர் அதனைப் படித்துக் கையொப்பமிட்டு மாணாக்கர்க்கு அறிவிப்பர். குறிப்பேடு வாயிலிற் காணப்பட்டவுடன் வகுப்பு முழுவதும் மூச்சடங்கி நோக்கும். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மிகுந்து, மலையோடைகள் பெருகிக் கண்மாய்கள் நிறையும் நாளில், அக் குறிப்பேட்டிற்கு உள்ள மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ! இன்று விடுமுறைச் செய்தியை மாவட்ட ஆட்சியர் விடியற்காலையிலேயே அறிவிக்க, கைப்பேசி வழியே அது குறிப்பேட்டிற்கு முன்னதாகவே வீடுகளை அடைகின்றது. அறிவிக்கப்படாத விடுமுறையும் சில நாட்களில் அவ்வழியே வந்தடைகின்றது என்பதையும் மறைத்தற்கில்லை. விரைவு வேறு, மெய்ம்மை வேறு என்று சிறார் கற்றுக்கொள்வதற்கு அதுவும் ஒரு பாடமாகின்றது.

இனி, நாம் தலையாயது என்று கருதும் செய்திக்கு வருவோம். அது வகுப்பறையில் ஆசிரியர் பெயர் அழைக்க, மாணாக்கர் “உள்ளேன் ஐயா” என்று விடையிறுக்கும் செய்தியேயாம். வருகைப் பதிவேட்டில் முற்பகலுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு அதன் குறுக்கே மற்றொரு சாய்கோடு இடுதல் நெடுநாளைய வழக்கம். இக்காலத்துக் கைப்பேசிச் செயலியிலும் வருகை பதிவாகின்றது. இக் கணக்கைக் கொண்டே அன்றைக்கு உலையில் எவ்வளவு அரிசி இடவேண்டுமென்பது சமையற்கூடத்திற்குத் தெரிகின்றது. ஆகவே, வருகைச் செய்தி வயிற்றுச் செய்தியும் ஆகும்.

பள்ளியில் உணவளிக்கும் வழக்கத்தின் வரலாறு இப்பக்கத்தார்க்கு நெருங்கிய உறவுடையது. சென்னை நகராட்சியார் 1920-இல் ஆயிரம்விளக்குப் பள்ளியிற் சிற்றுண்டி அளிக்கத் தொடங்கினர். மாநிலம் முழுதும் மதிய உணவு பரவியது 1956-இல், காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்து. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசினர் சத்துணவுத் திட்டம் வகுத்தனர். 1984-இல் அது பதினைந்து வயது வரையுள்ள மாணாக்கர்க்கும் நீட்டிக்கப்பட்டமையால் உயர்நிலைப் பள்ளிகளிலும் உலை கொதிக்கலாயிற்று. 2022-இல் தொடக்கப் பள்ளிச் சிறார்க்குக் காலையுணவும் சேர்ந்தது. இத் திட்டத்தை ஊர்தோறும் கொண்டு சென்ற காமராஜர் 1903-இல் விருதுநகரிற் பிறந்தவர். அந் நகரில் அவர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் ஒதுக்கி வைத்த பிடி அரிசியைத் திரட்டி நடத்தப்பட்ட பெருமையுடையது. ஆயினும் அவரே இளம் பருவத்திற் பள்ளியை விட்டு, மாமன் துணிக்கடைக்குச் சென்றவர். ஒரு நாள் ஆசிரியர் அழைத்த பெயருக்கு விடை வாராது போயிற்று. அப்பெயருக்குரியவர் பிற்காலத்தில் எண்ணிறந்த பெயர்களுக்கு விடை வருமாறு செய்தார். அவர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளிற் கொண்டாடப்படுகின்றது. மாலையும் பேச்சும் முடிந்தபின், அன்று வகுப்பில் வாராதவர் யாவர் என்று கேட்பதே அந்நாளுக்குரிய சிறந்த வழிபாடென்பது நம் கருத்து.

ஒரு மாணாக்கர் வாராமைக்குக் காரணம் பல. காய்ச்சல் கண்டவர் மூன்றாம் நாள் வந்துவிடுவர். அறுவடைக் காலத்து வயலுக்குச் சென்றவரும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவரும் சின்னாளிற் றிரும்புவர். திரும்பாதவரைப் பற்றியதே நம் கவலை. இராஜபாளையத்தில் 1936 முதல் நூற்பாலைத் தொழில் வேரூன்றியது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் காயங்கட்டும் துணி நெய்யும் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. சற்றுக் கிழக்கே சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் உலகறிந்தவை. இத்தொழில்கள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. அவற்றைப் பழித்தல் நம் நோக்கமன்று. ஆயின் கடன்பட்ட வீட்டில், வளர்ந்த பிள்ளையின் இரு கைகள் கூலியாகத் தோன்றுவது இயல்பு. பெண் மகவாயின், வேறொரு நெருக்கடியும் உண்டு. பதினெட்டு வயதிற்கு முன் மணம் செய்வித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தும், பாக்கு வெற்றிலை மாற்றிய செய்தி சில வேளைகளில் பள்ளிக்கு எட்டுமுன்னரே முகூர்த்த நாள் நெருங்கிவிடுகின்றது.

இவ்விடத்தே வயதின் அருமையைக் கருதவேண்டும். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள சிறார்க்கே காவலாக நிற்பது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதிற்குட்பட்டோரை வேலைக்கமர்த்தல் பொதுவாகத் தடுக்கப்பட்டது. பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளோர்க்கு ஆபத்தான தொழில்கள் மட்டுமே விலக்கப்பட்டன. ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர்க்கு வயது பதினான்கு. பத்தாம் வகுப்பினர்க்குப் பதினைந்து. ஆகவே, உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஈராண்டுகள், கட்டாயக் கல்வியின் காவல் நீங்கியபின் வரும் ஆண்டுகளாம். அப்பொழுது பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைப்பது யாது? உணவும், இலவசப் பேருந்துச் சீட்டும், மேல்நிலை வகுப்பிற் கிடைக்கும் மிதிவண்டியும் ஓரளவு துணை செய்கின்றன. அவற்றிற்கு மேலாகத் துணை செய்வது, தன்னைத் தேடுவார் பள்ளியில் உளர் என்னும் நினைவேயாம்.

தேடுதலுக்கும் ஒரு முறை உண்டு. வாராமையின் காரணத்தை முதலில் அறிபவர் ஆசிரியரல்லர்; ஒரே பலகையில் அமர்ந்த தோழரே. “அவன் தறிக்குப் போகிறான்” என்னும் செய்தி வகுப்பின் பின்வரிசையில் நான்கு நாட்களாக உலவிக்கொண்டிருக்கும். முன்வரிசையைத் தாண்டி மேசையை அடையாது. காட்டிக்கொடுத்தல் ஆகுமோ என்ற அச்சமே அதற்குத் தடை. அத் தடையை நீக்குவது ஆசிரியரின் இன்சொல். செய்தி மேசையை அடைந்தபின், அதனை வழிபாட்டுக் கூட்டத்தில் முழக்குதல் தகாது. நாணம் ஒருமுறை வாயிலை அடைத்துவிட்டால் பின்னர்த் திறப்பது அரிது. மாலையில் வகுப்பாசிரியர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று பேசுதலே நலம். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் மகளிர். அதே வீதியில் வாழும் ஒரு தாய், மற்றொரு தாயிடம் சென்று, “நம்ம பிள்ளை இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும், அக்கா” என்று சொல்லும் சொல்லுக்குள்ள ஆற்றல் அரசாங்க ஆணைக்கும் இல்லை. சிறார்க்கு இன்னல் நேருமாயின் 1098 என்னும் எண்ணிற்கு அழைக்கலாம் என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும்.

தேர்வு முடிவு வெளியாகும் நாளும் பள்ளியின் பெருஞ் செய்தி நாள். முன்னாளில் தேறியவர் எண்கள் பத்திரிகையில் அச்சாகி வரும். மாலைப் பத்திரிகை ஏறிய பேருந்து ஊருக்குள் வருமுன் நிறுத்தத்திற் கூட்டம் கூடிவிடும். ஒரே பத்திரிகையின்மேல் இருபது தலைகள் கவிழும்; தன் எண்ணைக் காணாதவன் ஓசையின்றி விலகுவான். இன்று முடிவு கைப்பேசியில் அவரவர்க்கே வந்தடைகின்றது. பலர்முன் நாணும் துன்பம் குறைந்தது. ஆயினும் தவறியவருக்குத் தனிமை மிகுந்தது. அன்று மாலையே, அடுத்து வரும் துணைத்தேர்வை எழுதி அவ்வாண்டே மேற்படிப்பிற் சேரலாம் என்னும் இரண்டாஞ் செய்தி அவரைச் சென்றடைதல் வேண்டும். முதற் செய்தியைக் கருவி கொண்டு வரும். இரண்டாஞ் செய்தியை மனிதரே கொண்டு செல்லல் வேண்டும்.

சிறாரே எழுதும் செய்திக்கும் இடம் உண்டு. முற்காலத்துப் பள்ளிகளிற் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று வகுப்புத்தோறும் சுற்றிவரும். அழகிய கையெழுத்துடையவர் அதன் அச்சுக்கூடம். 2022-இல் பள்ளிக் கல்வித் துறையினர் மாணாக்கர்க்கெனத் ‘தேன்சிட்டு’ என்னும் இதழைத் தொடங்கினர். அது நன்றே. எனினும் தம் ஊர்க் கண்மாய் நிறைந்ததையும், பள்ளி வேம்பு முறிந்ததையும், நெடுநாள் வாராத தோழி மீண்டு வந்ததையும் தாமே எழுதும் நாலு பக்கத் தாளுக்கு ஈடு பிறிதில்லை.

இம் மலரைப் படிக்கும் நம்மவருட் பலர் இத்தகைய உயர்நிலைப் பள்ளிகளினின்று கல்லூரிக்கு வந்தவர்கள். நம்மோடு ஒன்பதாம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்து, பத்தாம் வகுப்பிற்கு வாராது போன ஒருவரேனும் நம் ஒவ்வொருவர் நினைவிலும் உளர். அன்று நாம் அறிந்த செய்தியை உரியவரிடம் சொல்லாதிருந்தோம். வரும் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், பழைய பள்ளியின் வாயிலில் ஒருமுறை நுழைவோமாக. ஆசிரியரை வணங்கி, “இவ்வாண்டு எத்தனை பேர் தேறினர்?” என்று கேட்குமுன், “எத்தனை பேர் நின்றுவிட்டனர்? அவர் வீடு எங்கே?” என்று கேட்போமாக. அழைத்த பெயருக்கெல்லாம் “உள்ளேன் ஐயா” என்னும் விடை வரும் நாளே, அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் நற்செய்தி நாளாகும்.