தோக்கியோ நகரில் அன்றாட வாழ்க்கை

தோக்கியோ நகருக்கு முதன்முறையாகச் செல்லும் ஒருவர், பெரும்பாலும் மறுநாட் காலையிலேயே ஒரு சிறு சங்கடத்துக்கு ஆளாவார். வழியில் ஒரு வாழைப்பழம் வாங்கி உண்டிருப்பார். தோலைப் போடுவதற்கு ஒரு தொட்டியைத் தேடுவார். ஒரு தெருவைக் கடப்பார், மறு தெருவையும் கடப்பார், தொட்டி தென்படாது. தெருவிலோ ஒரு கடதாசித் துண்டும் கிடவாது. ஈற்றில் அத்தோல் அவருடைய பைக்குள்ளேயே விடுதிக்குத் திரும்பும். தொட்டியில்லாத ஊர் குப்பையில்லாத ஊராகவும் இருப்பது எங்ஙனம் என்ற கேள்வியும் அதனோடு கூடவே திரும்பும்.

துப்புரவு யப்பானியரின் இரத்தத்தில் ஊறியது என்று இதற்கு எளிதாக விடை கூறிவிடுவோர் பலர். அது மெய்யானால், பிறர் அந்நாட்டிலே கற்றுக்கொள்வதற்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும். இரத்தத்தை யாரும் கடன் வாங்க முடியாதன்றோ? ஆனால் அந்நகரின் அண்மைக்கால வரலாறு வேறொன்றைச் சொல்கின்றது.

தொட்டிகள் ஒருகாலத்தில் அங்கும் இருந்தன. 1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆந் திகதி, ஓம் ஷின்ரிக்கியோ என்னும் கூட்டத்தினர் நிலக்கீழ்ப் புகையிரதங்களிலே சாரின் என்னும் நச்சுப் பொருளைப் பரப்பினர். பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் துன்புற்றனர். அதன்பின், தொட்டிக்குள்ளே எவரேனும் எதையேனும் ஒளித்துவைக்கக் கூடும் என்ற அச்சத்தால், நிலையங்களிலும் பொதுவிடங்களிலும் இருந்த தொட்டிகள் அகற்றப்பட்டன. மக்கள் தம் குப்பையைத் தம்மோடு வீட்டுக்குக் கொண்டுசெல்லப் பழகினர்.

அதற்கு முந்திய கதை இன்னும் சுவையானது. 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்கள் அந்நகரில் நடைபெறவிருந்தபோது, தெருவிற் குப்பை போடாதீர்கள், சிறுநீர் கழியாதீர்கள் என்று அதிகாரிகள் நகரத்தாரிடம் மன்றாட வேண்டியிருந்தது. நகரக் குப்பையின் பெரும்பகுதி, கடலோரத்துள்ள கோத்தோ வட்டாரத்தின் வழியாகக் கொண்டுசெல்லப்பட்டு, யுமெனோஷிமா என்னும் நிரப்புநிலத்திலே கொட்டப்பட்டுவந்தது. யுமெனோஷிமா என்றால் 'கனவுத் தீவு' என்பது பொருள்! 1965ஆம் ஆண்டுக் கோடையிலே அக்கனவிலிருந்து ஈக்கள் படைபடையாகப் புறப்பட்டு, அயலிலுள்ள வீடுகளிற் புகுந்தன. வேறு வழி காணாத அதிகாரிகள் அக்குப்பை மேட்டுக்குத் தீ மூட்டினர்.

பிறர் குப்பையை ஏன் தாம் சுமக்கவேண்டும் என்று கோத்தோ மக்கள் கேட்டனர். 1971ஆம் ஆண்டில் ஆளுநர் மினோபே ரியோகிச்சி 'குப்பைப் போர்' தொடங்கிவிட்டது என்று பிரகடனஞ் செய்தார். ஒவ்வொரு வட்டாரமும் தன் குப்பையைத் தன் எல்லைக்குள்ளேயே எரிக்கவேண்டும் என்பது திட்டம். எனினும், சுகினாமி என்னும் குடியிருப்பு வட்டாரத்தில் எரியாலை அமைக்க முயன்றபோது, அங்குள்ளோர் கடுமையாக எதிர்த்தனர். 1973ஆம் ஆண்டில் கோத்தோ வட்டாரத்தார் தெருவில் இறங்கி, சுகினாமியிலிருந்து வந்த குப்பை வண்டிகளை மறித்துத் திருப்பியனுப்பினர். மறுவருடம் நீதிமன்றத்திலே இணக்கம் ஏற்பட்டது. எரியாலையும் காலப்போக்கில் எழுந்தது. யுமெனோஷிமா இன்று ஒரு பூங்கா. அங்குள்ள கண்ணாடி மாளிகையிலே குளிர்காலத்திலும் வெப்பநாட்டு மரங்கள் தழைத்து நிற்கின்றன; அவற்றுக்கு வேண்டிய சூடு அருகிலுள்ள குப்பை எரியாலையிலிருந்து வருகின்றது.

ஆகவே, காலை எட்டு மணிக்கு முன்னர் வீட்டார் பைகளோடு தெருமுனைக்கு வருவது பிறவிக்குணத்தினால் அன்று. எரியக்கூடியவற்றுக்கு ஒரு நாள், எரியாதவற்றுக்கு ஒரு நாள், கடதாசிக்கும் போத்தலுக்கும் வேறு நாள் என வகுக்கப்பட்டிருக்கின்றது. காகங்கள் கிளறாவண்ணம் பைகளின் மேல் வலை விரிக்கப்படுகின்றது. நாள் தவறி வைத்த பையை வண்டிக்காரர் எடுக்கமாட்டார். ஒரு சீட்டை ஒட்டி அங்கேயே விட்டுச் செல்வார். அது எவர் வீட்டுப் பை என்று அயலார் அறிவர். தண்டப்பணத்திலும் அந்த வெட்கம் பெரிது.

இப்பழக்கத்தின் முதற்பாடம் பாடசாலையிலே நடைபெறுகின்றது. நாள்தோறும் குறித்த நேரத்திலே, மாணவர் வகுப்பறையையும் நடைவழிகளையும் படிக்கட்டுகளையும் தாமே கூட்டித் துடைக்கின்றனர். பல பாடசாலைகளிலே கழிப்பறையும் இதில் அடங்கும். குற்றஞ் செய்த பிள்ளைக்கு விதிக்கும் தண்டனையாக அன்றி, எல்லோருக்கும் முறைவைத்து வரும் கடமையாக அது இருப்பதே அதன் சிறப்பு. நண்பகலில் வெள்ளை மேலாடையும் தொப்பியும் அணிந்த சிறுவர், தம் வகுப்பாருக்கு உணவு பரிமாறுகின்றனர். ஆசிரியரும் அவர்களோடிருந்து அதே உணவை உண்கின்றார். 1954ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாடசாலை மதியவுணவுச் சட்டம் இதற்கு அடிப்படை. பிள்ளைகள் உண்பதற்கு அரைமணி நேரமேனும் முன்னதாக, அதிபரோ பொறுப்பான வேறொருவரோ அதனை உண்டு பார்க்கவேண்டும் என்பது விதி. அதிபர் பதவிக்கு வாய்த்த கடமைகளுள் இத்துணை இனியது பிறிதொன்று இராது!

ஆயினும் ஒழுங்கு எல்லை கடப்பதும் உண்டு. பிறவியிலேயே செம்பட்டை முடியுடைய பிள்ளைகளையுங் கருமை தீட்டச் சொல்லிய பாடசாலைகள் அங்கு இருந்தன. அத்தகைய விதிகளைத் தோக்கியோ மாநகர உயர்தரப் பாடசாலைகள் 2022ஆம் ஆண்டிலேதான் கைவிட்டன.

உணவைப் பற்றிப் பேசும்போது, இலங்கையிலிருந்து செல்லும் சைவ உணவினர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். தெளிந்த நீர்போலத் தோன்றும் சாற்றிலும் 'கத்சுவோபுஷி' பெரும்பாலும் கலந்திருக்கும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோல உலர்த்திச் சீவியெடுப்பது அது. நம் சமையலறைகளிலே சம்பலுக்கு இடிக்கும் மாசியின் நெருங்கிய உறவினன் என்று சொன்னால் போதும்.

காலைப் புகையிரதத்தில் ஏறினால், ஒழுங்கின் இரு முகங்களையும் ஒருங்கே காணலாம். மேடையிலே கோடு கிழித்த இடத்தில் மக்கள் வரிசையாக நிற்கின்றனர். இறங்குவோர் இறங்கிய பின்னரே ஏறுகின்றனர். தோளோடு தோள் நெருக்குண்டு நிற்கும் பெட்டியிலே கைத்தொலைபேசியிற் பேசுவோர் இல்லை. அம்மௌனம் புதியவரை வியக்கச் செய்யும். ஆனால் அதே நெரிசலிலே பெண்கள் தகாத தீண்டலுக்கு ஆளாகி, வாய்திறவாது வருந்திய காலமும் நீண்டது. 2000ஆம் ஆண்டையொட்டி மகளிர்க்கெனத் தனிப்பெட்டிகள் மீண்டும் ஏற்பட்டமைக்குக் காரணம் இதுவே. மௌனம் எப்போதும் மரியாதையின் அடையாளமன்று என்பதை அப்பெட்டிகள் காட்டுகின்றன.

நிலையத்தை விட்டு வெளியேறினால், வழி தவறுவது ஏறத்தாழ உறுதி. தெருக்களுட் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. பகுதி, அதனுட் பிரிவு, அதனுள் வீட்டெண் என்பதே முகவரி. தெருமுனைகளிலுள்ள 'கோபான்' எனப்படும் சிறு பொலிஸ் காவற்கூடங்களே இவ்விடத்துத் துணை. அங்குள்ள பொலிசார் வரைபடத்தை விரித்து வழி காட்டுவர். தொலைந்த பொருள்கள் வந்துசேர்வதும் அங்கேதான். தோக்கியோப் பொலிசாரிடம் 2019ஆம் ஆண்டில் மாத்திரம் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் ஒப்படைக்கப்பட்டன. இங்கும் சட்டத்தின் துணை உண்டு: கண்டெடுத்தவர் உரியவரிடம் நூற்றுக்கு 5 முதல் 20 வரை வெகுமதி பெறலாம், மூன்று மாதத்துள் உரியவர் வராவிடின், பெரும்பாலான பொருள்கள் கண்டெடுத்தவர்க்கே சேரும். வேடிக்கை யாதெனில், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கிற் குவியும் குடைகளைத் தேடி வருவோர் நூற்றுக்கு ஒருவரளவே. மலிவான குடை ஒன்று சந்திக்குச் சந்தி கிடைக்கும்போது, நேர்மையாளர் ஒப்படைத்த குடையும் கேட்பாரற்றுக் கிடக்கின்றது.

மாலை ஐந்து மணியளவிற் கம்பங்களிலுள்ள ஒலிபெருக்கிகளிலிருந்து மெல்லிசை எழும். நிலநடுக்கம் முதலிய இடர்களின்போது அறிவித்தல் செய்வதற்கென அமைந்த அக்கருவிகள் செம்மையாக உள்ளனவா என நாள்தோறும் பார்க்கும் முறை அது. பிள்ளைகளுக்கோ அது விளையாட்டை விட்டு வீடு திரும்பும் நேரம். ஆனால் அவ்விசையைக் கேட்டு ஓடும் பிள்ளைகள் வரவரக் குறைந்துவருகின்றனர். இன்று யப்பானிய மக்களுள் நூற்றுக்கு 29 பேர் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். தனித்து வாழ்வோரும் அவர்களுட் பலர். தம் வீட்டினுள்ளே தனியே இறந்து, நாட்கள் கழிந்தபின் அறியப்படுவோரைப் பற்றிய செய்தி அங்கே புதிதன்று.

தெருமுனைவரை பையைச் சுமக்க இயலாத அத்தகைய முதியோர்க்கென, தோக்கியோ வட்டாரங்கள் பலவற்றில் வேறோர் ஏற்பாடு உண்டு. விண்ணப்பித்தவர்களின் வாசலுக்கே குப்பைத் தொழிலாளர் வருகின்றனர். குறித்த நாளில் வாசலிற் பை இராவிட்டால், அவர்கள் பேசாது சென்றுவிடுவதில்லை. கதவருகே நின்று பெயர் சொல்லி அழைக்கின்றனர். உள்ளிருந்து குரல் வந்தால், அடுத்த வாசலுக்குச் செல்கின்றனர். வாராவிடின், உரியவர்களுக்கு அறிவிக்கின்றனர்.