துடைத்துக் காக்கும் நன்றி

செவிலிமேட்டில் ஒரு நெசவாளர் இல்லத்திற்கு வீடு சந்திக்கச் சென்றிருந்தோம். தறியின் ஓசைக்கு நடுவே அவ்வீட்டு மூதாட்டி ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்த பதக்கம் ஒன்றை எடுத்து நம் கையில் வைத்தார். ஆறு முனைகள் கொண்ட விண்மீன் வடிவம். இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் பணியாற்றியோருக்கு வழங்கப்பட்ட 'பர்மா ஸ்டார்' அது.

"எங்க அப்பாவோடது சாமி. அவர் விமானம் ஓட்டினவர் இல்லே. துடைச்சு, எண்ணெய் போட்டு, பழுது பார்த்து அனுப்பி வெச்சவர். நான் வாராவாரம் இதைத் துடைச்சு வெக்கிறேன். எனக்குப் பிறகு யார் துடைப்பாங்க?"

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. ஆயினும், உலகின் பல நாடுகளில் இதே கேள்விக்குத் தம் கைகளால் விடை கூறி வருவோர் இருக்கின்றனர். போர்க்காலத்து விமானங்களைத் தேடியெடுத்து, துரு நீக்கி, மெருகேற்றிப் பேணுவோர் அவர்கள். ஓய்வுபெற்ற பொறியாளரும் ஆசிரியரும் மாணவரும் அவர்களுள் உளர். ஊதியம் ஏதுமின்றி, விடுமுறை நாட்களை அவர்கள் இப்பணிக்குக் கொடுக்கின்றனர். அவர்கள் பேணும் விமானங்கள் சிலவற்றிற்கு நம் நாட்டோடு நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

போர் முடிந்தபோது, 'லிபரேட்டர்' என்னும் நான்கு எஞ்சின் கொண்ட குண்டுவீச்சு விமானங்கள் பல கான்பூரில் விடப்பட்டன. கடன்-குத்தகை ஏற்பாட்டின்படி அமெரிக்கா பிரிட்டனுக்குத் தந்தவை அவை. மீண்டும் பறக்கலாகாது என்று வேண்டுமென்றே அவற்றைச் சிதைத்து விட்டுச் சென்றனர். பெங்களூரில் 1940-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் தொழிலாளர்கள் அக்குவியலுள் இறங்கினர். ஒன்றில் இல்லாத பாகத்தை மற்றொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தினர். ஓரளவு சீர்செய்யப்பட்டவற்றை அந்நிறுவனத்தின் விமானி முன்ஷி கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். இவ்வாறு 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் உயிர்பெற்றன. 1948-ஆம் ஆண்டு முதல் 1968-ஆம் ஆண்டு வரை அவை நம் விமானப்படையில் பணிபுரிந்தன.

இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகச் சில லிபரேட்டர்களுள் பல, இவ்வாறு இந்தியக் கரங்கள் மீட்டெடுத்தவையே. ஒன்று டெல்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்திற்கு உரியது. ஒன்றை 1974-ஆம் ஆண்டு இந்திய விமானப்படை பிரிட்டனுக்கு அன்பளிப்பாக அளித்தது. மற்றொன்று 1981-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று, 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் வந்தது. தன்னார்வலர்களும் கைவினைஞர்களும் பல்லாயிரம் மணி நேரம் உழைத்தபின் 1989-ஆம் ஆண்டு அது மீண்டும் வானேறியது. நகர் நகராகச் சென்ற அவ்விமானத்தின் அருகே, முதிய போர்வீரர்கள் தம் பேரப்பிள்ளைகளோடு வந்து நின்றனர்.

நம் நாட்டிலும் அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1947 அக்டோபர் 27 அன்று நம் வீரர்களை ஸ்ரீநகருக்கு ஏற்றிச் சென்றவை 'டகோட்டா' விமானங்கள். அவ்வகையில் கழித்துவிடப்பட்ட ஒன்றை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் சீர்செய்வித்து விமானப்படைக்கு வழங்கினார். அவருடைய தந்தையார் டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி. 'பரசுராமா' எனப் பெயர் சூட்டப்பட்டு, காஷ்மீர் சென்ற விமானமொன்றின் எண்ணாகிய வி.பி. 905 பொறிக்கப்பட்டு, 2018 மே மாதம் ஹிண்டன் தளத்தில் அது சேர்க்கப்பட்டது. தந்தைக்கு மகன் செலுத்திய நன்றிக்கடன், நாட்டின் உடைமையாயிற்று.

இப்பணியின் அருமையை நம் நெசவாளர் எளிதில் உணர்வர். அலுமினியத் தகட்டின் மேல் ஈரமும் உப்புக்காற்றும் படிந்தால், அது பொடிப்பொடியாக அரித்துப்போகும். ஆதலின் சிறு சிறு பகுதியாக, மென்துணி கொண்டு பொறுமையாய்த் துடைக்க வேண்டும். அளவுக்கு மீறித் தேய்த்தாலோ தகடே மெலிந்துவிடும். டகோட்டா, லிபரேட்டர் ஆகியவற்றின் வாலிலும் இறக்கை ஓரத்திலும் அசைந்து விமானத்தைத் திருப்பும் பாகங்கள் துணி போர்த்தியவை. துணியை இழுத்துக் கட்டி, தைத்து, பசைமருந்து பூசி இறுக்குவர். ஓர் இழை தளர்ந்தாலும் அது குறையே. காஞ்சித் தறிகளுக்குப் பட்டு நூல் தரும் மைசூர்ப் பகுதியின் பட்டு, அப்போரில் பாராசூட் செய்யவும் பயன்பட்டது. போரின் வரலாற்றில் தளபதிகளின் பெயர் இருக்கிறது. நூல் நூற்றவர் பெயரும் எண்ணெய் துடைத்தவர் பெயரும் இல்லை.

"கொல்லும் கருவியை மெருகேற்றுவது முறையா?" என்று சிலர் வினவலாம். நேரிய கேள்விதான். திருத்தந்தை ஆறாம் பவுல் 1965 அக்டோபர் 4 அன்று ஐக்கிய நாடுகள் அவையில் நின்று, போர் இனி வேண்டாவென்று உலகை இறைஞ்சினார். அவ்விறைஞ்சலை மறந்து, குண்டுவீச்சு விமானத்தைக் கண்டு கைதட்டுவது நமக்குத் தகாது. அதன் கீழே வாழ்ந்து மடிந்தவர்களும் நம் உடன்பிறப்புகளே. ஆனால் கண்ணுக்கு மறைந்தது விரைவில் கருத்துக்கும் மறையும். குறுகிய அதன் உட்புறத்தில் நுழைந்து பார்க்கும் இளைஞன், தன் வயதினர் அங்கே நடுங்கியபடி அமர்ந்திருந்ததை உணர்கிறான். போர் விளையாட்டன்று என்பதை அவனுக்கு வேறு யார் இவ்வளவு தெளிவாய்க் கற்பிப்பார்?

பொருளைப் பேணும் ஆர்வம் மனிதரை மறக்கச் செய்யலாகாது என்பதும் உண்மை. 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பயணிகளோடு பறந்த போர்க்கால விமானமொன்று விழுந்து 7 பேர் மாண்டனர். எல்லாப் பழைய விமானமும் பறந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. நிழலில் நின்று நினைவூட்டினாலே போதும்.

வானில் செல்வோரின் பாதுகாவலியாக லொரேத்தோ அன்னையை 1920-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அறிவித்தார். அவ்வன்னையிடம் மன்றாடும் நாம், வானில் சென்று திரும்பாதோரை மறக்கலாமா? நவம்பர் மாதத்தில் நம் கல்லறைத் தோட்டங்களைத் தூய்மை செய்யும்போது, அங்கே துயிலும் முன்னாள் படைவீரரின் கல்லறையையும் தேடிப் பாருங்கள். சென்னை செல்லும் குடும்பங்கள் நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகளோடு சிறிது நேரம் நின்று வரலாம். நம் பங்கில் உயிரோடிருக்கும் முன்னாள் படைவீரரை இல்லம் சென்று கண்டு, அவர் கூறுவதைக் கேட்டு எழுதி வையுங்கள். விமானத்தைத் துடைக்க நம் ஊரில் வாய்ப்பில்லை. ஒரு மனிதரின் நினைவு மங்காமல் காக்க வாய்ப்புண்டு.

சில வாரங்கள் கழித்து அவ்வீட்டிற்கு மீண்டும் சென்றோம். மூதாட்டியின் பேரன் தறியிலிருந்து எழுந்து வந்து, பதக்கத்தை எடுத்துக் காட்டினான். அதனோடு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகமும் இருந்தது. முதல் பக்கத்தில் பூட்டனாரின் பெயரும் ஊரும் எழுதியிருந்தான். "மிச்சத்தை ஆயா சொல்லச் சொல்ல எழுதறேன் சாமி" என்றான்.