நானோ சோலார் பேனல்: வாங்கலாமா, காத்திருக்கலாமா?

"மொட்டை மாடியில் இப்போதே சோலார் பேனல் போடலாமா, இல்லை நானோ பேனல் வரும்வரை பொறுக்கலாமா?" கம்ப்யூட்டர் துறையில் இருப்பவனுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஒரு முறை பணம் போட்டால் 25 வருடம் கூரையில் இருக்கப்போகும் பொருள். எனவே சற்று விவரமாகவே பார்த்துவிடுவோம்.

சிலிக்கானின் எல்லை

இன்று வீடுகளில் உள்ள பேனல்களில் பெரும்பாலானவை சிலிக்கானால் ஆனவை. உங்கள் கம்ப்யூட்டர் பிராசஸரில் இருக்கும் அதே சிலிக்கான்தான். வெயில் பட்டதும் இதிலுள்ள எலக்ட்ரான்கள் நகரும், மின்சாரம் கிடைக்கும். ஆனால் சுமார் 1100 நானோமீட்டருக்கு மேல் அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர்களை சிலிக்கான் உறிஞ்சுவதில்லை. நீல ஒளியிலுள்ள கூடுதல் சக்தியோ வெப்பமாக வீணாகிறது. இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லியும், குவைசரும் 1961-ல் கணக்கிட்டுக் காட்டினர். ஒரே பொருளால் ஆன செல்லுக்கு, சாதாரண வெயிலில், அது சுமார் 33 சதவீதம்.

நானோ என்ன செய்கிறது?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சில நானோமீட்டர் அளவே உள்ள படிகத் துகள்களுக்குக் குவாண்டம் டாட் என்று பெயர். பொருளை மாற்றாமல் துகளின் அளவை மட்டும் மாற்றினாலே அது உறிஞ்சும் ஒளியின் நிறம் மாறிவிடும்! கியூஎல்இடி டிவியில் நிறங்களைத் தருவதும் இதுதான். இந்த ஆய்வுக்காக பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு வழி, 1991-ல் ஓ'ரீகனும் கிராட்சலும் செய்தது. வெள்ளை பெயிண்டில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் நானோ துகள்கள் மீது ஒளி உறிஞ்சும் சாயத்தை ஏற்றினார்கள். துகள்கள் சிறியவை என்பதால் மொத்தப் பரப்பு மிக அதிகம். சாயமும் நிறைய ஒட்டும். செயல்திறன் சுமார் 7 சதவீதம்.

2009-ல் ஜப்பானின் மியாசகா குழு சாயத்துக்குப் பதில் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தைப் பயன்படுத்தியது. அப்போது கிடைத்தது 3.8 சதவீதம்தான். இன்று ஆய்வகத்தில் பெரோவ்ஸ்கைட் செல் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் அந்த அடுக்கின் தடிமன் சுமார் அரை மைக்ரான். சிலிக்கான் தகடோ ஏறக்குறைய 150 மைக்ரான்.

இரண்டடுக்கு செல்

சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட்டைப் பூசினால்? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை மேலடுக்கு பிடிக்கும், மிச்சத்தைக் கீழடுக்கு பிடிக்கும். 2024-ல் சீனாவின் லாங்கி நிறுவனம் இப்படி 34.6 சதவீதம் எட்டியது. ஆனால் அது ஆய்வகத்துச் சிறு செல். அதே ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு பிவி அமெரிக்காவுக்கு விற்று அனுப்பிய முழு பேனலின் செயல்திறன் 24.5 சதவீதம்.

சிக்கல் எங்கே?

ஈரம், வெப்பம் இரண்டும் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஆகாது. சிலிக்கான் பேனலைப் போல அது 25 வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று காட்டியதில்லை. நல்ல பலன் தரும் வகைகளில் ஈயம் கலந்திருப்பது இன்னொரு கவலை.

நீங்கள் செய்ய வேண்டியது

மின்கட்டணம் கையைக் கடிக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம், சிலிக்கானையே போடுங்கள். 'நானோ' என்று விளம்பரம் செய்தால் எந்த நானோ என்று கேளுங்கள். கண்ணாடி மேல் தூசி ஒட்டாமலிருக்கப் பூசும் பூச்சையும் நானோ என்றுதான் விற்கிறார்கள். அது மின்சாரம் தயாரிக்காது.

செயல்திறனை நீங்களே கணக்கிடலாம். பேனலின் வாட் அளவை, அதன் சதுர மீட்டர் பரப்பால் வகுத்து, விடையை மீண்டும் 10-ஆல் வகுத்தால் சதவீதம் வந்துவிடும். 2.58 சதுர மீட்டரில் 550 வாட் என்றால் 21.3 சதவீதம். கடைக்காரர் இதைவிட மிக அதிகமாகச் சொன்னால், அந்த எண் செல்லுக்கா முழு பேனலுக்கா என்று கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.