மண் அறிந்து வாங்குவோம்: சீனத் தேநீர்க் கெண்டிகள்

சரக்கின் பெயரை யாரும் சொல்லிவிடலாம். தரத்தைக் கண்டறியத்தான் வியாபாரி வேண்டும். பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, மிளகை வாயில் போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். தேயிலையோடு சேர்த்து விற்கப்படும் சீன மண் கெண்டிகளுக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், தாய் ஏரியின் மேற்குக் கரையில் யீஷிங் நகரம் உள்ளது. சுமார் 500 ஆண்டுகளாக அங்கே கெண்டி செய்கிறார்கள். அதற்குரிய மண் 'ஸிஷா'. ஊதா மணல் என்று பொருள். இது குளத்து மண் போலக் குழைவாகக் கிடைப்பதில்லை. பாறையாக வெட்டி, வெயிலிலும் மழையிலும் போட்டு உதிரவிட்டு, அரைத்துச் சலித்து, பிசைந்து, இருப்பு வைத்த பிறகே பயன்படும். சக்கரத்தில் வனையாமல், பலகையால் தட்டித் தகடாக்கி ஒட்டிச் செய்வதே மரபு. மெருகுப் பூச்சு கிடையாது. சூளை வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல்.

முக்கிய வகைகள் இவை:

ஸினி: சுட்டபின் ஊதா கலந்த பழுப்பு நிறம். அதிகம் புழங்குவது இதுவே. நுண்துளைகள் உள்ளதால் பு-அர் போன்ற அழுத்தமான தேயிலைக்கு ஏற்றது என்பார்கள்.

ஜூனி: வெட்டும்போது மஞ்சள் சாயல், சுட்டால் செந்நிறம். சூளையில் மிகவும் சுருங்குவதால் விரிசல் விட்டுச் சேதாரம் அதிகம். ஆகவே பெரும்பாலும் சிறிய கெண்டிகள்தான், விலையும் அதிகம். உடல் இறுகியிருப்பதால் மணமுள்ள ஊலாங் தேயிலைக்கு விரும்புவார்கள்.

ஹோங்னி: இதுவும் சிவப்பே. ஜூனி அளவுக்குச் சுருங்காது. இதை ஜூனி என்று சொல்லி விற்பது எளிது, கவனம் தேவை.

லூனி, துவான்னி: லூனி பச்சை மண் எனப்பட்டாலும் சுட்டால் வெளிர் மஞ்சளாகும். துவான்னியும் மஞ்சள் சாயல் கொண்டது.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒரே மண்கூட சூளை வெப்பத்துக்கேற்ப நிறம் மாறும். 2010-இல் சீன மத்தியத் தொலைக்காட்சி ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது: சாதாரண மண்ணில் இரும்பு ஆக்ஸைடு, மாங்கனீஸ் டை ஆக்ஸைடு முதலியவற்றைக் கலந்து ஸிஷா நிறம் வரவழைத்து விற்றிருக்கிறார்கள். பெயர் பெற்ற ஹுவாங்லாங் மலையில் மண் வெட்டுவது நிறுத்தப்பட்ட பின் அசல் மண்ணுக்குக் கிராக்கி கூடியது. கிராக்கி கூடும் இடத்தில் கலப்படமும் கூடும் என்பது நாம் அறிந்ததே.

கொள்முதலின்போது ஒரு கெண்டியில் வெந்நீர் ஊற்றிப் பார்ப்போம். ரசாயன வாடை வந்தாலோ, நீரில் சாயம் இறங்கினாலோ சரக்கைத் திருப்பிவிடலாம். இவை இல்லாததால் மட்டும் அசல் என்று முடிவாகாது. மலிவு விலைக்கு 'அசல் ஜூனி' தருகிறேன் என்பவரிடம் மண்ணின் பெயரைப் பில்லில் எழுதித் தரக் கேட்போம். மறுத்தால் அந்தப் பெயரில் நாமும் விற்க வேண்டாம்.

விற்கும்போது இரண்டு விஷயம் சொல்லி அனுப்புவோம்: ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை, சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, மண் அந்த வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். வாங்கியவர் அதில் கொதிநீர் ஊற்றிக் குடிக்கப் போகிறார். அலமாரிப் பொம்மை விற்பது போல இதை விற்க முடியாது.