இத்தாலிய மோட்டார்ச் சைக்கிளைப் பேணும் முறை

மனிதன் ஆக்கிய பொருள்கள் யாவும் அவனிடமிருந்து ஏதேனுமொரு பணியை எதிர்பார்க்கின்றன. கிணற்றுத் துலாவின் அச்சுக்கு எண்ணெய் வேண்டும். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தல் வேண்டும். வீணைக்குச் சுருதி சேர்த்தல் வேண்டும். அப்பணி சில பொருள்களுக்குச் சிறிது, சிலவற்றுக்குப் பெரிது. மிகுதியாகப் பணி கேட்பனவற்றுள் ஒன்று இத்தாலி நாட்டு விரைவோட்ட மோட்டார்ச் சைக்கிள். அழகும் பெரிது, செலவும் பெரிது, தொல்லையும் பெரிது என அதனைப்பற்றிப் பொதுவாகக் கூறுவர். அழகு கண்கூடு. செலவும் தொல்லையும் எதனால் உண்டாகின்றன, அவற்றைக் குறைக்கும் வழி யாது, அவ்வியந்திரத்தைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்க எண்ணுவோர் எவற்றைக் கருதவேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தாலியில் இத்தகைய வண்டிகளைச் செய்தோர் பலர். அவருள் பொலோஞா நகரத்து டுக்காட்டி நிறுவனத்தையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். 1926ஆம் ஆண்டில் டுக்காட்டி சகோதரர் தொடங்கிய அத்தொழிற்சாலை முதலிற் செய்தவை வானொலிக் கருவிகளுக்கான ஒடுக்கிகள் முதலிய மின்னுறுப்புக்களே. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஒற்றோபரில், போர்கோ பனிகாலேயில் இருந்த அதன் தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. போரின் பின் மக்களுக்கு வேண்டியிருந்தது மலிவான போக்குவரத்து. ஆதலால், சாதாரண சைக்கிளிற் பூட்டத்தக்க 48 கன சென்ரிமீற்றர்ச் சிற்றெஞ்சின் ஒன்றை 1946இல் அது செய்யத் தொடங்கியது. ‘குச்சோலோ’, அதாவது நாய்க்குட்டி, என்பது அதன் பெயர். அந்நாய்க்குட்டியின் பரம்பரையே பிற்காலத்திற் பந்தயத் திடல்களை ஆண்டது.

இம்மாற்றத்துக்குப் பெரிதும் காரணராயிருந்தவர் 1954ஆம் ஆண்டில் அங்கு சேர்ந்த பொறியியலாளர் பாபியோ தாலியோனி என்பார். அவர் புகுத்திய வால்வு அமைப்பை அறிந்தாலன்றி டுக்காட்டி வண்டியின் இயல்பும் அதன் உரிமையாளரது கடமையும் விளங்கமாட்டா. ஆதலின் அதனைச் சிறிது விரிவாகக் காண்போம்.

எஞ்சினின் உருளையுள் பெற்றோல் ஆவியும் காற்றும் புகுவதற்கு ஒரு வால்வும், எரிந்த புகை வெளியேறுவதற்கு மற்றொரு வால்வும் உண்டு. வால்வைத் திறப்பது ஒரு நெம்பு. அது நம் ஊர்த் துலாவைப் போன்றது. நடுவில் அச்சிருக்க, ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழும். பெரும்பாலான எஞ்சின்களில் நெம்பு வால்வைத் திறந்தபின் அதனை மூடுவது ஒரு சுருள்வில். தள்ளித் திறந்த கதவை வில்லொன்று தானே இழுத்து மூடுவதை இதற்கு ஒப்பிடலாம். மெதுவாகத் திறந்து மூடும்வரை இவ்வேற்பாடு நன்றே. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 4,000 முறை, அஃதாவது வினாடிக்கு 66 முறைக்கு மேல், திறந்து மூடவேண்டும். வேகம் அளவுகடந்தாற் சுருள்வில் பின்தங்கும். வால்வு உரிய நேரத்தில் மூடாது. எழுந்துவரும் முசலம், அஃதாவது பிஸ்டன், அதனோடு மோதவுங் கூடும். அக்காலத்துச் சுருள்வில்கள் முறிவதும் உண்டு.

தாலியோனி கண்ட பரிகாரம், மூடுதலையும் நெம்பிடமே ஒப்படைப்பதாகும். ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு நெம்புகள். ஒன்று தள்ளித் திறக்கும், மற்றது இழுத்து மூடும். கட்டு எனவும் ஓட்டம் எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கொண்டு இதனை ‘டெஸ்மோட்ரோமிக்’ அமைப்பு என்றனர். இதனை முதலிற் கண்டவர் தாலியோனி அல்லர். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மேர்சிடிஸ் பந்தயக் கார்களிலும் இது இருந்தது. ஆயின் மோட்டார்ச் சைக்கிளில் இதனை நிலைநிறுத்திய பெருமை அவருக்கே உரியது. 1956இற் சுவீடன் நாட்டு ஹெடமோராவில் இவ்வமைப்புடைய 125 கன சென்ரிமீற்றர் வண்டி தன் முதற் பந்தயத்திலேயே வென்றது. 1968இற் பொதுமக்கள் வாங்கும் வண்டியிலும் இது இடம்பெற்றது. 1972 ஏப்பிரிலில் இமோலாவில் நடந்த 200 மைற் பந்தயத்தில் போல் ஸ்மாட் முதலாவதாகவும் புரூனோ ஸ்பஜ்ஜாரி இரண்டாவதாகவும் வந்தபோது டுக்காட்டியின் பெயர் உலகெங்கும் பரவிற்று. அவ்வண்டிகளில் இரண்டு உருளைகள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக அமைந்திருந்தன. முன்னுருளை ஏறக்குறையக் கிடையாகவும் பின்னுருளை நிமிர்ந்தும் இருக்கும். இவ்வமைப்பினால் அதிர்ச்சி குறையும். எனினும் பின்னுருளைக்கு முன்னதனளவு காற்று எட்டாது. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

தம் கையாற் பேண விரும்புவார்க்கு ஏற்றது 1991 முதல் 1997 வரை வந்த 900 சூப்பர் ஸ்போர்ட் என்னும் வண்டி. காற்றினாற் குளிரும் எஞ்சின், உருளைக்கு இரு வால்வு, இரண்டு காபரேற்றர், உருக்குக் குழாய்களைப் பின்னிய சட்டகம் என அதன் உறுப்புக்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படுவன. அதனைக் கொண்டே பராமரிப்பை விளக்குவோம்.

முதலாவது கடமை வால்வு இடைவெளியைப் பார்த்தல். 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை இது செய்யவேண்டும். திறக்கும் நெம்புக்கும் வால்வுத் தலைக்கும் இடையே ஏறத்தாழ 0.10 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். மூடும் பக்கத்திலோ இடைவெளி இல்லையென்றே சொல்லலாம், 0.05 மில்லிமீற்றரை அது தாண்டலாகாது. தலைமயிரின் தடிப்பிலும் நுண்ணிய அளவு இது. நாட்செல்ல வால்வு தன் இருக்கையிற் சிறிது சிறிதாக உள்ளமிழும். அப்போது திறக்கும் பக்கத்து இடைவெளி குறையும், மூடும் பக்கத்து இடைவெளி கூடும். ஆகவே ஒன்றை மாத்திரம் அளந்து அமைவது போதாது.

எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கையிலேயே அளத்தல் வேண்டும். முசலத்தை அழுக்க அடியின் உச்சியில் நிறுத்தி, மெல்லிய உருக்குத் தகடுகளைச் செருகித் திறக்கும் இடைவெளியைக் காண்க. பின்னர் மூடும் நெம்பைக் கீழே அழுத்தி மொத்த இடைவெளியைக் காண்க. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருவது மூடும் இடைவெளி. அளவு பிழைத்திருந்தால் வேறு தடிப்புள்ள உருக்கு வில்லைகளை இடவேண்டும். மூடும் வில்லையை வால்வுத் தண்டிற் பிடித்துவைப்பவை இரண்டு சிறு அரைவளையங்கள். அவற்றைக் கழற்றுமுன் எண்ணெய் வடியும் துவாரங்களைச் சுத்தமான துணியால் அடைத்தல் வேண்டும். அரைவளையம் ஒன்று நழுவி உள்ளே வீழ்ந்தால், அரைநாள் வேலை எஞ்சினையே பிரிக்கும் வேலையாய் முடியும். முசலம் உச்சியில் நிற்பின் வால்வும் உருளைக்குள் வீழாது. கைப்பழக்கத்தினும் பொறுமையே இங்கு வேண்டப்படுவது.

இரண்டாவது கடமை பட்டிகளை மாற்றுதல். பழைய வண்டிகளில் நெம்புகளை இயக்கும் தண்டைச் சாய்வுப் பற்சக்கரங்கள் சுழற்றின. 1979இல் விற்பனைக்கு வந்த பந்தா என்னும் வண்டி முதலாக அவ்வேலையைப் பல்லுடைய இறப்பர்ப் பட்டிகள் ஏற்றன. இவை மலிவானவை, ஓசை குறைந்தவை. ஆனால் முதுமை எய்துபவை. 900 சூப்பர் ஸ்போர்ட் வண்டிக்கு 20,000 கிலோமீற்றர் அல்லது இரண்டாண்டு, இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவே எல்லை. ஓடாமல் நின்ற வண்டியின் பட்டி புதிதாகவே இருக்கும் எனக் கருதுவது பெரும் பிழை. ஒரே வளைவில் நெடுநாள் நின்ற இறப்பர், ஓடிய இறப்பரைப் போலவே நலிவடையும். பட்டி அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நிற்க, முசலம் வந்து மோதும். ஓட்டத்தின் நடுவே இது நேரின் எஞ்சின் மாத்திரமன்றி ஓட்டுபவரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகும். பட்டியின் இழுவையும் சரியாயிருத்தல் வேண்டும். தளர்ந்தாற் பல் தாண்டும். இறுகினால் தாங்கிகள் கெடும். பட்டியை விரலால் தெறித்து அது எழுப்பும் ஒலியை அளந்தும் இதனை அறிவர். இருவால்வு எஞ்சினின் புதுப்பட்டிக்கு வினாடிக்கு 110 அதிர்வு என்பது வழக்கிலுள்ள அளவு. வீணைத் தந்திக்குச் சுருதி சேர்ப்போர்க்கு இம்முறை புதிதன்று.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்லலாம். இவ்வண்டியின் கிளச்சு எண்ணெயில் அமிழாத உலர் கிளச்சு. பிடியை அழுத்தும்போது அதன் தட்டுக்கள் கலகலவென ஒலிப்பது இயல்பே. எனினும் தட்டின் பற்கள் கூடையின் விளிம்பிற் பள்ளம் பறித்துள்ளனவோ எனப் பார்த்து, படிந்த தூசியை அகற்றல் வேண்டும். பிறேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அது குறைந்த வெப்பத்திலேயே கொதித்துப் பிறேக்கு பிடிக்காமற் போகும். ஆதலின் இரண்டாண்டுக்கொருமுறையேனும் அதனை மாற்றுக. செயின், பெற்றறி, மின்கம்பி இணைப்புக்கள் ஆகியவற்றையும் தவறாது நோக்குக. செய்த ஒவ்வொரு வேலையையும் தேதியோடும் ஓடிய தூரத்தோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று. பழைய வண்டியொன்றை வாங்குவோர் வர்ணத்தின் பளபளப்பைப் பார்க்குமுன் இக்குறிப்பேட்டைக் கேட்பாராக.

இனி, மாற்றியமைத்தல். இத்தகைய வண்டியை வாங்கியவர் சில நாளில் அதனைத் தம் விருப்பப்படி திருத்த முற்படுவது இயற்கை. திருத்தத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோதிருந்த நிலையை அடைதல் வேண்டும். தேய்ந்த ரயரோடும் நெகிழ்ந்த தாங்கிகளோடும் கூடிய வண்டிக்கு வலுவைக் கூட்டுவது, அத்திவாரம் ஆடும் வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதை ஒக்கும். அடுத்து, அதிர்ச்சி தாங்கும் விற்களை ஓட்டுபவரின் நிறைக்கேற்ப அமைத்தல் வேண்டும். அவர் ஏறியிருக்கையில் விற்கள் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் தாழ்வது பொருத்தம். இதற்குச் செலவு சிறிது. வளைவுகளிற் பெறும் நன்மையோ பெரிது.

செயினின் முன்பற்சக்கரத்தில் 15 பல்லுக்குப் பதிலாக 14 பல் இடுவது பலர் செய்யும் மாற்றம். இதனால் எஞ்சின் சுற்று ஒன்றுக்கு வண்டி செல்லும் தூரம் 15இல் ஒரு பங்கு குறையும். நகரத் தெருக்களிலும் ஏற்றங்களிலும் வண்டி எளிதாக இழுக்கும். பெருந்தெருவில் எஞ்சின் முன்னிலும் வேகமாகச் சுழன்று உழைக்கும். வேறு சைலன்சர் பூட்டிக் காற்றுப் பெட்டியின் மூடியைத் திறப்போர், காபரேற்றரிற் பெற்றோல் செல்லும் துளைகளையும் அதற்கேற்ப மாற்றுதல் வேண்டும். அன்றேல் காற்று மிகுந்து பெற்றோல் குறைந்து எஞ்சின் அளவுக்குமேற் சூடேறும். ஓசை அயலாரை வருத்துவதும் பல நாடுகளிற் சட்டத்துக்கு மாறாவதும் கருதத்தக்கன.

உருளையைப் பெருப்பித்தல் இவற்றினும் பெரிய மாற்றம். இவ்வெஞ்சினின் உருளை விட்டம் 92 மில்லிமீற்றர், முசலத்தின் ஓட்டம் 68 மில்லிமீற்றர். இரண்டு உருளைகளின் கொள்ளளவு 904 கன சென்ரிமீற்றர். விட்டத்தை 94 மில்லிமீற்றராக்கினால் 944 ஆகும். பள்ளியிற் கற்ற சூத்திரத்தைக் கொண்டு வாசகர் தாமே கணித்துப் பார்க்கலாம். விட்டம் 2 மில்லிமீற்றர் கூடக் கொள்ளளவு நூற்றுக்கு நான்குக்கு மேல் கூடுகின்றது. அதற்கேற்ப வெப்பமும் கூடும். அவ்வெப்பத்தை முதலில் உணர்வது, காற்றுக் குறைவாகப் பெறுவதென மேலே கூறிய பின்னுருளையே. ஒரு மாற்றத்தின் இலாபம் ஓரிடத்திற் காணப்பட, அதன் கடன் வேறோரிடத்தில் எழுதப்படுகின்றது. எங்கே எழுதப்படுகின்றது என்பதை அறிந்த பின்னரே சாவியைக் கையிலெடுத்தல் அறிவுடைமை. கழற்றிய பழைய உறுப்புக்களை எறியாது வைத்திருப்பதும் நன்று. அவை மீள வேண்டப்படும் நாள் வரும்.

தாலியோனியின் அமைப்புக்கு அதனைச் செய்தோரே பிற்காலத்திற் கொடுத்த இடமும் நோக்கத்தக்கது. 2010ஆம் ஆண்டு மல்ட்டிஸ்ராடா 1200 வண்டியில் வால்வு பார்க்கும் எல்லையை அவர்கள் 24,000 கிலோமீற்றராக உயர்த்தினர். 2020இல் வெளியிட்ட நான்குருளை மல்ட்டிஸ்ராடாவிலோ டெஸ்மோட்ரோமிக் அமைப்பை விடுத்துச் சுருள்வில்லையே மீண்டும் இட்டனர். எல்லை 60,000 கிலோமீற்றராயிற்று. இதனால் தாலியோனி பிழைத்தார் என்பது முடிபன்று. அவர் காலத்து உருக்கு முறிந்தது. அதற்கு அவர் விடை கண்டார். பின்னர் உருக்கு திருந்தியது. நெடும்பயண வண்டிக்கு வேறு விடை போதுமாயிற்று. பந்தய வழிவந்த பனிகாலே வி4 வண்டி அவருடைய அமைப்பைத் தொடர்ந்தும் ஏற்றது.

ஆகவே செலவும் தொல்லையும் என மக்கள் கூறுவன, பெரும்பாலும் இயந்திரம் கேட்ட பணியை உரிய காலத்திற் செய்யாமையால் விளைவனவே. இரண்டு இறப்பர்ப் பட்டிகளின் விலை எங்கே, வளைந்த வால்வுகளையும் உடைந்த முசலத்தையும் மாற்றும் விலை எங்கே! ஒவ்வோர் உறுப்பும் ஒரு கேள்விக்கு ஒருவர் கண்ட விடையாகும். அக்கேள்வியை உணர்ந்து பேணுபவருக்கு இவ்வண்டி பல்லாண்டு உழைக்கும். உணராது திருத்துபவருக்கு அது விலையுயர்ந்த ஆசிரியராக அமையும். நம் இளைஞர் இயந்திரங்களை வாங்குவதோடு அமையாது, மூடியைத் திறந்து உள்ளே இருப்பதை அறியவும் முற்படுவாராக.