ஒரு பேப்பர்ல 95... அக்ரிகேட் எவ்வளவு பாஸ்?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு உங்க டீம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பண்றீங்கன்னு வெச்சுக்குவோம். மோட்டார் கேட்லாக்கைப் புரட்டினதும் கண்ணு எங்கே போகும்? 'எஃபிஷியன்சி 95 சதவிகிதம்' என்கிற வரிக்குத்தானே! அங்கேதான் பலரும் கோட்டை விடுறோம்.

அந்த 95, ஏதோ ஒரு வேகத்தில், ஏதோ ஒரு டார்க்கில் மட்டும் கிடைக்கிற உச்ச மார்க். பேட்டரி பார்க்கிறதோ அக்ரிகேட்டை! சிக்னலில் நின்னு கிளம்புவது, டிராஃபிக்கில் ஊர்வது, மேம்பாலம் ஏறுவதுன்னு ரோட்டுல எல்லா பேப்பரும் எழுதியாகணுமே.

மேம்பாலம் வைக்கும் டெஸ்ட்

ஒரு குட்டிக் கணக்கு. வண்டியும் ரெண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ. சமதளத்தில் 40 கி.மீ. வேகத்தில் போக சுமார் 800 வாட் போதும். 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயருகிற மேம்பாலத்தில் அதே வேகம் வேணுமா? சுமார் 1,900 வாட்! அதாவது, டார்க் ரெண்டு மடங்குக்கு மேல. கரன்ட்டும் கிட்டத்தட்ட அப்படியே ஏறும். செம்புச் சுருளில் வர்ற சூடு, கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும். ஆக, அஞ்சு மடங்குக்கும் மேல!

காலி ரோட்டில் வேகமா போறப்போ கதையே வேற. கரன்ட் கம்மி. ஆனா, காந்தப்புலம் படுவேகமா மாறுவதால், ஸ்டேட்டரின் இரும்புத் தகடுகளில் சக்தி வீணாகும். தகட்டை மெல்லிசாக்கினா இழப்பு குறையும், விலை ஏறும். செம்பைக் கூட்டினா ஏற்றத்துல லாபம், எடை கூடும். எதுக்கு முதலிடம்? அதை உங்க ரோடுதான் சொல்லணும்.

டெஸ்லா செஞ்ச வேலை

2012-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரில் இண்டக்‌ஷன் மோட்டார். அதன் ரோட்டரில் நிரந்தர காந்தம் கிடையாது. ரோட்டரிலேயே கரன்ட் ஓடணும், அதுக்கும் ஒரு இழப்பு. 2019-ல் முன்பக்கத்துக்கு மட்டும் நிரந்தர காந்த மோட்டாரைக் கொண்டுவந்தாங்க. கூடவே பவர் எலெக்ட்ரானிக்ஸ், கியர், பேரிங் எல்லாத்திலும் இழப்பைக் குறைச்சாங்க. பேட்டரி அதே 100 கிலோவாட் ஹவர்தான். ஆனா, லாங் ரேஞ்ச் மாடலின் ரேஞ்ச், அமெரிக்க இ.பி.ஏ. கணக்குப்படி, 335 மைலில் இருந்து 370 மைலுக்குத் தாவியது!

நீங்க என்ன பண்ணலாம்?

வாகனச் சோதனைக்கு உருவான 'இந்தியன் டிரைவிங் சைக்கிள்' 108 செகண்ட்தான். உச்ச வேகம் 42 கி.மீ. உங்க ரூட் அப்படியா இருக்கு? ஒரு வாரம், காலேஜ் போய்வர்ற வேகத்தை போன் ஜி.பி.எஸ்.ஸில் செகண்ட் வாரியா பதிவு பண்ணுங்க. எடை, ஏற்ற இறக்கம் சேர்த்து டார்க் கண்டுபிடிங்க. எல்லாத்தையும் மோட்டாரின் எஃபிஷியன்சி மேப்பில் புள்ளிகளா வைங்க. எங்கே அதிக சக்தி செலவாகுதோ, அங்கே அஞ்சாறு புள்ளிகளைப் பிடிங்க. அவற்றின் மொத்த இழப்பு குறையுற மாதிரி சுருள், காந்தம், கியர் ரேஷியோவை மாத்தி மாத்திப் பாருங்க. காந்தப்புலக் கணக்குக்கு 'எஃப்.இ.எம்.எம்.' என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கு. கடைசியா, மேம்பாலச் சூட்டை மோட்டார் தாங்குதான்னு செக் பண்ண மறக்காதீங்க.

வைவாவில் 'ஏன் இந்த மோட்டார்?'னு கேட்டா கேட்லாக்கை நீட்டாதீங்க... உங்க ரோட்டைக் காட்டுங்க!